அம்மாவின் கழுத்துப் பை: பெற்றோரோடு முதல்முறை வெளிநாடு பறப்பவர்களுக்கு

நடுவில் விமானம் மாறவேண்டிய ஓர் ஊரில் அம்மாவை நாற்பது நிமிடம் தொலைத்திருக்கிறேன். விமான வாசலிலேயே சக்கர நாற்காலியோடு காத்திருந்த ஊழியர் அம்மாவை உட்காரவைத்தார். என்னைப் பார்த்து, நீ அந்த வழியாகப் போ, நாங்கள் லிஃப்டில் வருகிறோம் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் அந்த வழியாகப் போய் நின்றேன். அம்மா வரவில்லை. அவருடைய பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், கைப்பேசி மூன்றும் என் தோள்பையில் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

கடைசியில் வேறொரு மாடியில், ஏழெட்டுச் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்ற இடத்தில் கண்டுபிடித்தேன். "பேர் கேட்டாங்க, சொன்னேன். எங்க போறீங்கன்னு கேட்டாங்க போல, பையன் கூடன்னு சொன்னேன்" என்றார். நல்ல பதில்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்யமுடியாது.

அதற்குப் பிறகு பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்த இடத்தில் நாங்கள் பிரிந்துவிட்டால், நான் இல்லாமல் அம்மாவால் பத்து நிமிடம் சமாளிக்க முடியுமா? கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. அம்மா என்று எழுதுகிறேன், அப்பாவுக்கும் இதேதான்.

டிக்கெட் போடுவதற்கு முன்

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதி தேதியைப் பாருங்கள். பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகவேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு. அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் மிச்சமிருக்கவேண்டும், அந்தப் பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாகவும் இருக்கவேண்டும். வயதானவர்களின் பாஸ்போர்ட் எப்போதோ எடுத்துப் பீரோவில் வைத்ததாக இருக்கும், அதனால் இதை முதல் வேலையாகவே செய்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுகள் பெரியவர்களிடம் நிறைய உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இப்படி ஏதாவது இருக்கிறதா என்று போகும் நாட்டின் விதியையும் விமான நிறுவனத்தின் விதியையும் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

நேராகப் போகும் விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே எடுங்கள். மாறித்தான் ஆகவேண்டும் என்றால், இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது பொறுப்பு உங்கள் தலையில்தான். விமான நிறுவனம் ஒன்றரை மணி நேரம் போதும் என்று காட்டும். அது தனியாக ஓடுகிறவனுக்கான கணக்கு. அம்மாவோடு போகும்போது மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக நான் எடுப்பதில்லை. அமெரிக்கா வழியாக மாறுவதாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறுவதற்கும் விசாவோ முன் அனுமதியோ வேண்டும். முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி போடவும் வேண்டியிருக்கும்.

இறங்கும் விமான நிலையம் எது என்றும் பாருங்கள், ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லண்டன் என்றால் ஹீத்ரோவும் உண்டு, கேட்விக்கும் உண்டு, ஸ்டான்ஸ்டெட்டும் லூட்டனும் உண்டு. டோக்கியோவில் ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நரிட்டா நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பத்து மணி நேரம் பறந்து வந்தவரை மறுபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்காரவைப்பதா என்று டிக்கெட் போடும்போதே முடிவு செய்யவேண்டும். கூடுமானால் பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். நள்ளிரவில் இறங்கினால் கடைகள் மூடியிருக்கும், ரயில் நின்றிருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் குறைவு.

இருக்கையைப் பொறுத்தவரை அம்மாவுக்கு நடைபாதை ஓரம், கழிவறைக்கு நாலைந்து வரிசை தள்ளி. பக்கத்து நடு இருக்கை உங்களுக்கு. ஜன்னலோரம் கேட்டால் திரும்பி வரும் பகல் விமானத்தில் தருவதாகச் சொல்லிச் சமாளியுங்கள். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் உண்டுதான், ஆனால் அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களைத்தான் அங்கே உட்காரவிடுவார்கள்.

சக்கர நாற்காலி என்ற சண்டை

"எனக்கு என்ன கால் இல்லையாடா?" என்றுதான் அம்மா ஆரம்பித்தார். நிறைய வீட்டில் இதே வசனம்தான் வரும் என்று நினைக்கிறேன். நான் வாக்குவாதம் செய்யாமல், ஒருநாள் மாலை கையில் ஒரு பையோடு ஒரு கிலோமீட்டர் நடக்கவைத்து, உடனே உட்காராமல் அரைமணி நேரம் நிற்கவும் சொன்னேன். பெரிய விமான நிலையத்தில் வாசலிலிருந்து கேட்வரை அவ்வளவு தூரம் சாதாரணம், குடியேற்ற வரிசையில் அவ்வளவு நேரம் நிற்பதும் சாதாரணம். இருபதாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலி என்றால் நடக்கவே முடியாதவர்களுக்கு என்று நினைத்துவிடுகிறோம். விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர் என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நீண்ட தூரம் மட்டும் முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ் என்றால் படியும் ஏறமுடியாது. டபிள்யூ.சி.எச்.சி என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்காரவைக்கவேண்டும். முழங்கால் வலிக்காரர்களில் பலருக்கு முதல் வகையே போதும். சரியான குறியீட்டைச் சொல்லுங்கள். விமானம் ஓடுதளத்தில் தூரமாக நின்று, ஏணியில் இறங்கிப் பேருந்தில் வரவேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லியிருக்கவேண்டும். இந்த உதவிக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை. போகவும் வரவும், நடுவில் மாறும் ஊரிலும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும் பதிவாகியிருப்பது அடிக்கடி நடக்கிறது. நன்றாக நடக்கும் அப்பாவுக்கு வரிசையைத் தாண்டுவதற்காக மட்டும் நாற்காலி கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் உண்மையில் தேவைப்படுகிறவர் இன்னும் அரைமணி நேரம் காத்திருப்பார். செய்யாதீர்கள்.

மறதி நோய், காது கேளாமை போல வெளியே தெரியாத சிரமம் உள்ளவர்களுக்குச் சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப் பட்டை ஒன்று உண்டு. 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி, இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் கிடைக்கிறது. அதைப் பார்த்தால் ஊழியர்கள் கொஞ்சம் நின்று, நிதானமாகப் பேசுவார்கள்.

கழுத்துப் பை

இனி அந்தப் பை. கழுத்தில் மாட்டி உடைக்குள் போட்டுக்கொள்ளும் தட்டையான பை. இது அம்மாவிடமே இருக்கவேண்டும், நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது.

உள்ளே ஒரு சீட்டு. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் போகிற நாட்டு மொழி. அம்மாவின் பெயர், என் பெயர், நாட்டுக் குறியீட்டோடு என் எண், வீட்டில் இருக்கும் இன்னொருவர் எண், விமான எண்கள், தங்கும் இடத்தின் முழு முகவரி, என்னென்ன நோய், என்னென்ன மருந்து, எதற்கு ஒவ்வாமை. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் இரண்டு வரி: "நான் தமிழ் பேசுவேன், ஆங்கிலம் தெரியாது. என் மகன் கூட வந்திருக்கிறான், தயவுசெய்து அவனை அழையுங்கள்." எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் போட மறக்காதீர்கள், அது இல்லாமல் அந்த நாட்டில் யாரும் உங்களை அழைக்க முடியாது.

அவருடைய போர்டிங் பாஸ் அவரிடம். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்க நகலும் விசா நகலும் எப்போதும் பையில். அசல் பாஸ்போர்ட்டும் விமான நிலையத்துக்குள் இருக்கும்வரை அவரிடமே இருக்கட்டும் என்பது என் கட்சி. தொலைத்துவிடுவார் என்று பயப்படுகிறோம். ஆனால் நகையும் வீட்டுச் சாவியும் இத்தனை வருடம் தொலைக்காமல் வைத்திருந்தவர் அவர்தான், அதிகம் தொலைத்தது நான். போகிற நாட்டுப் பணத்தில் இரண்டு சின்ன நோட்டு, மூக்குக் கண்ணாடி, ஒருநாள் மாத்திரை, கைப்பேசி. கைப்பேசியின் முகப்பிலேயே என் படத்தைத் தொட்டால் அழைப்பு போகிற மாதிரி வைத்துவிட்டேன்.

வைத்தால் மட்டும் போதாது, பழக்கவேண்டும். வீட்டிலேயே மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். சீட்டை எடுத்துக் காட்டுவது, என் படத்தைத் தொட்டு அழைப்பது, போர்டிங் பாஸில் கேட் எண் எங்கே இருக்கும் என்று பார்ப்பது. முதல் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் என்னையே வேலை வாங்கினார்.

இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. பிரிந்துவிட்டால் அம்மா இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும், நான்தான் தேடி வருவேன். இரண்டு பேரும் தேடக் கிளம்பினால் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்போம். ஊழியர் யாராவது வேறு இடத்துக்குக் கூப்பிட்டால், சீட்டைக் காட்டாமல் எழுந்திருக்கக் கூடாது.

மருந்தும் மருத்துவரும்

கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதுபோல் இருக்காது, 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நல்ல உடம்புக்கு அது தெரியாது. நுரையீரல் நோய், ரத்தசோகை, அண்மையில் மாரடைப்பு அல்லது அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் சரி சொல்லவேண்டும், விமான நிறுவனமும் ஒரு மருத்துவப் படிவம் கேட்கலாம். விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தால், அது முழுவதும் கரையும்வரை பறக்கவே கூடாது. உயரத்தில் குமிழி விரிந்து பார்வையே போய்விடக்கூடும்.

மருந்து எல்லாம் கைப்பையில்தான். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால் மாற்றுத் துணி வாங்கிக்கொள்ளலாம், ரத்த அழுத்த மாத்திரை அப்படிக் கிடைக்காது. இன்சுலினைப் பெட்டியில் வைத்தால் சரக்கு அறையின் குளிரில் உறைந்து வீணாகலாம். போகிற நாட்களோடு ஒரு வாரம் கூடுதலாக எடுத்து, அதன் அட்டையிலேயே வைத்திருங்கள். மருத்துவர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்க மருந்துக் கடையில் அசிட்டமினோஃபென் என்று கேட்கவேண்டும்.

சில நாடுகளில் சில மருந்துகளுக்குக் கெடுபிடி அதிகம். கோடீன், டிராமடால் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை, முன் அனுமதி வாங்கவேண்டும். சளி மாத்திரைகளில் வரும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. வலி, தூக்கம், இருமல், மனநலம் சம்பந்தப்பட்ட எந்த மருந்தானாலும் அந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் நேர மாற்றத்தைப் பற்றித் தனியாகக் கேட்கவேண்டும். மேற்கே பறந்தால் நாள் நீளும், கிழக்கே பறந்தால் சுருங்கும், அளவு அதற்கேற்ப மாறலாம். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் செலவு தருவார்களா என்ற ஒரு பத்தியையாவது படியுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு அந்தப் பத்திதான் காப்பீடே.

கிளம்பும் நாள்

மூன்று மணி நேரம் முன்னால் போனால் போதும் என்பார்கள். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செக்கின் கவுன்டரில், "நானும் அவரோடு கூடவே வருவேன், பிரிக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். நாற்காலி தள்ளுகிற ஊழியரிடமும் அதையே சொல்லுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில்தான் பிரிவது முதலில் நடக்கும். பெண்களுக்குத் தனிவரிசை உள்ள இடங்களில் மகனும் அம்மாவும் வேறுவேறு பக்கம் போகவேண்டும். அதனால் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பை தனியாகப் போகும், கழுத்துப் பையையும் தட்டில் போடவேண்டியிருக்கும், கையை விரிக்கச் சொல்வார்கள், முடிந்ததும் தட்டு வரும் இடத்திலேயே நிற்கவேண்டும். ஒரே வரிசை என்றால் அம்மா முன்னால், நீங்கள் பின்னால். நீங்கள் முன்னால் போய்விட்டால், அவரைத் திருப்பி அனுப்பினாலும் உங்களால் பின்னால் போகமுடியாது.

கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில்தான் இருக்கவேண்டும். 2006-இல் பிரிட்டனில் திரவ வெடிகுண்டுச் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து வந்த விதி இது. எண்ணெய், களிம்பு, பற்பசை எல்லாமே அதில் அடக்கம், எல்லாவற்றையும் ஒரு லிட்டர் கொள்ளும் தெளிவான பையில் போடவேண்டும். சில விமான நிலையங்கள் புதிய ஸ்கேனர் வைத்துத் தளர்த்திவிட்டன, ஆனால் மாறும் ஊரில் பழைய விதி இருக்கலாம். பயணத்துக்கு வேண்டிய திரவ மருந்துக்கு விலக்கு உண்டு, தனியாக எடுத்துக் காட்டுங்கள். பவர் பேங்க் பெட்டியில் போகக்கூடாது, கைப்பையில்தான். 100 வாட் மணிக்குள் இருக்கவேண்டும், 20,000 எம்.ஏ.எச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட் மணி, அதனால் பயமில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் அட்டையைக் காட்டி, கைக்கருவியை அதன்மேல் பிடிக்காமல் கையால் சோதிக்கச் சொல்லலாம். முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு உலோகம் தேடும் வாசல் கத்தும். அது எதிர்பார்த்ததுதான் என்று முன்பே சொல்லாவிட்டால் பாவம், குற்றவாளி மாதிரி நின்றுவிடுவார்கள்.

நகரும் படிக்கட்டில் பழக்கம் இல்லாதவரை அவசரத்தில் பழக்காதீர்கள். லிஃப்ட் எங்கேயாவது இருக்கும், தேடுங்கள்.

விமானத்துக்குள்

முதல் பயணத்தில் அம்மா கழிவறைக்குப் போய் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். "உள்ள இருட்டா இருக்குடா, அப்புறம் போய்க்கிறேன்." நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எனக்குச் சொல்லவே இல்லை. விமானக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டால்தான் விளக்கு முழுதாக எரியும். கதவும் பல விமானங்களில் நடுவில் மடியும், பிடியைத் தேடாமல் நடுவில் தள்ளவேண்டும். தண்ணீர் இழுக்கும்போது பெரிய சத்தம் வரும். விமானம் மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும், நீங்களே கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, தாழ்ப்பாளை, பொத்தானை, குழாயைக் காட்டிவிட்டு வெளியே நில்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே, தொண்டையும் கண்ணும் காயும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவருக்கு அது அப்போதும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்கிற அளவுதான், அதனால் பயமுறுத்தவேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது போதும். ஏற்கெனவே உறைவு வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் இறுக்கமான காலுறை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். நடைபாதை ஓர இருக்கையின் கைப்பிடியைச் சில விமானங்களில் தூக்கலாம், கீல் பக்கம் அடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். முழங்கால் மடங்காதவருக்கு எழுந்திருக்க அது பெரிய உதவி, பணிப்பெண்ணைக் கேட்டால் காட்டுவார்.

இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், தூங்கினால் எழுப்பிவிடுங்கள். காது கேட்கும் கருவியைக் கழற்றத் தேவையில்லை.

இறங்கியதும்

எல்லோரும் போகட்டும், கடைசியாக இறங்குங்கள். நாற்காலிக்காரர்கள் எப்படியும் கடைசியில்தான். வாசலில் ஊழியரிடம் மறுபடி சொல்லுங்கள், கூடவே நடங்கள், செய்தி பார்க்கக் கைப்பேசியை எடுக்காதீர்கள். நான் தொலைத்தது கூடவே நடக்காததால்தான். குடியேற்ற வரிசைக்கு முன்னால் கழிவறை வந்தால், வேண்டாம் என்றாலும் போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

பல நாடுகளில் வருகை அட்டை இப்போது இணையத்தில்தான். சிங்கப்பூருக்கு வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பவேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் அதேமாதிரி ஆக்கிவிட்டது. இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் கிடையாது, மூடிவிடுங்கள். அம்மாவுக்கும் தனியாக நிரப்பவேண்டும்.

கவுன்டரில் குடும்பமாகச் சேர்ந்து போகலாமா என்று வரிசையில் நிற்கும் ஊழியரைக் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். விடாவிட்டாலும் எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்ற நான்கும்தான் கேள்வி. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் காகிதத்தில் அம்மாவின் பையில் இருந்தால் அவர் பேசவே வேண்டாம், நீட்டினால் போதும்.

யாரும் சொல்லாத சங்கதி ஒன்று: கைரேகை. அம்மாவின் விரல் கண்ணாடியில் பதியவே இல்லை. வயதாகி, ஆயுள் முழுதும் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை மங்கிவிடுகிறது, விமானத்தின் வறட்சி வேறு. அதிகாரி நான்கு தடவை வைக்கச் சொன்னார், அம்மா பயந்துபோனார். அதன்பிறகு இறங்குவதற்கு அரைமணி முன்னால் விரல்களில் கொஞ்சம் ஈரக் களிம்பு தடவித் தேய்த்துவிடச் சொல்கிறேன், வரிசையில் நிற்கும்போது துடைத்துவிடுவார். ஷெங்கன் நாடுகளும் 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகமும் கைரேகையும் பதியும் முறையைத் தொடங்கியிருப்பதால் இது இன்னும் உதவும்.

பெட்டி வரவில்லை என்றாலும் உடைந்திருந்தாலும் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போவதற்கு முன்பே கவுன்டரில் புகார் எழுதி, எண் வாங்கிக்கொள்ளுங்கள். 1999-ஆம் வருட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும் தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் கேட்டிருக்கவேண்டும்.

சுங்கத்தில் சந்தேகம் இருந்தால் அறிவித்துவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடங்களில் சாப்பிடும் பொருள், விதை, செடி எதுவானாலும் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் அபராதம். அம்மாவின் பெட்டியில் உங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு பொட்டலம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே படிவத்தை நிரப்புங்கள்.

வாசலுக்கு வெளியே

கடைசிக் கதவைத் தாண்டுமுன் கொஞ்சம் உட்காருங்கள். தண்ணீர், மாத்திரை, சிம் அல்லது இணையம், கையில் கொஞ்சம் பணம் எல்லாம் உள்ளேயே முடியட்டும். ஊரில் பயன்படுத்தும் சிம்மை அணைத்துவிடாதீர்கள், வங்கியின் ஓ.டி.பி அதற்குத்தான் வரும். ஏ.டி.எம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் சொல்லி, அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றது மோசமான மாற்று விகிதம்.

வெளியே வந்ததும் அருகில் வந்து டாக்ஸி வேண்டுமா என்று கேட்பவரோடு போகாதீர்கள். டாக்ஸி வரிசைக்கு எப்போதும் பலகை இருக்கும், செயலியில் கூப்பிடும் வண்டிக்குத் தனி மாடியோ எண் போட்ட தூணோ இருக்கும். வண்டி எங்கே நிற்கும் என்று பார்த்துவர அம்மாவைப் பெட்டிகளோடு உட்காரவைத்துவிட்டுப் போகத் தோன்றும். போகாதீர்கள், வண்டி கிடைத்த பிறகு சேர்ந்தே நடங்கள். தங்குமிட முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே படமாக எடுத்து வைத்திருந்தால், இணையம் இல்லாவிட்டாலும் ஓட்டுநரிடம் காட்டலாம். முதல் நாள் ரயிலில் மிச்சம் பிடிக்கவேண்டாம், பழைய சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் இல்லாமல் படிகள் மட்டுமே இருப்பது உண்டு. ஊர் பிடிபட்ட பிறகு ரயிலில் போய்க்கொள்ளலாம்.

முதல் இரவு

அறைக்குப் போனதும் அம்மாவை நடக்கவைத்துக் காட்டுங்கள்: சுடுதண்ணீர் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது, கதவு உள்ளேயிருந்து எப்படித் திறக்கும், இரவு விளக்கு எங்கே, குளியலறைத் தரை வழுக்குமா. கழிவறை விளக்கை இரவு முழுதும் எரியவிடுங்கள். தெரியாத அறையில் ராத்திரி எழுந்து இடித்துக்கொண்டு விழுவதுதான் எனக்கு இருக்கும் பெரிய பயம்.

அவசர எண்ணையும் சீட்டில் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, அமெரிக்கா கனடாவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995.

மறுநாள் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். உடம்பு புது நேரத்துக்கு வர, மாறும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும், கிழக்கே போனால் இன்னும் சிரமம். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பார், விடுங்கள். காலை வெயிலில் கொஞ்சம் நடந்தால் தானாகச் சரியாகும்.

மூன்றாம் நாள் நாங்கள் வேறு விடுதிக்கு மாறினோம். இரவு படுக்கும்போது அம்மா கழுத்துப் பையைத் திறந்து சீட்டை என்னிடம் நீட்டினார். "இதுல பழைய இடம்ல இருக்கு? இதைக் காட்டினா என்னைத் திரும்ப அங்க கொண்டுபோய் விட்டுடுவாங்களேடா." தங்குமிடம் மாறும் அன்று, பெட்டி கட்டுவதற்கு முன்னால் சீட்டை மாற்றி எழுதிவிடுங்கள்.